பம்பாய் மாத்திரை

— தொண்ணூத்தி நாலு. போன தடவைக்கு மூணு கிலோ கூடியிருக்கு ஆச்சி.

— உங்க மிஷினு பொய் சொல்லுது டாக்டரம்மா. கொண்டையை அவுக்காம ஏறிட்டேன்.

— கொண்டை மூணு கிலோவா?

— ஈரத் தலைல்லா! காலையில ஐந்தருவியில நின்னுட்டு அப்படியே பஸ் ஏறி தென்காசிக்கு வாரேன். புளியறை செக்போஸ்டுல லாரியப் பாக்க மாதிரி என்னையப் பாக்காதிய. முட்டிக்கு ஒரு ஊசி போட்டு விடுங்க, போயிருதேன். கடையில மூணு அடுப்பு எரியுது, மருமவ ஒத்தையில இட்லி அவிச்சிக்கிட்டுக் கெடக்கா.

— முட்டிக்கு வருவோம். நான் வரிசையா கேக்கேன், நீங்க வரிசையா சொல்லுங்க. வயசு?

— அம்பத்தி மூணு. அம்பதுன்னு எழுதிக்கிடுங்க.

— அம்பத்தி மூணு. அடுத்து, மாதவிலக்கு நின்னு எவ்வளவு நாளாச்சு?

— அது ஆச்சு நாலு வருசம். விட்டது சனின்னு இருந்தேன். பெறவுலா தெரிஞ்சுது! நெஞ்சுக்குழியிலேருந்து ஒரு வேக்காடு கெளம்பும் பாருங்க, கழுத்து, மொகம், காது வரைக்கும் திகுதிகுன்னு. அடுப்புச் சூடா என் சூடான்னே தெரியாது. லாரி டிரைவர் ஒருத்தன், "ஆச்சி, ஒங்க கையிலயே தோசை ஊத்தலாம் போலுக்கே"ன்னுட்டான்.

— இப்போ அந்த வேக்காடு இருக்கா?

— இப்ப ஏன் இருக்கு? பம்பாய் மாத்திரைல்லா சாப்பிடுதேன்!

— என்ன மாத்திரை?

— பம்பாய் மாத்திரை. அங்க பெரிய டாக்டருமாரு பெரிய எடத்துப் பொம்பளையளுக்கு எழுதிக் குடுக்கது. நமக்குள்ள ஊறி நின்னுபோன ஒண்ணை வெளியிலேருந்து குடுக்குமாம். ஆர்மோனோ என்னமோ பேரு.

— ஹார்மோனா? ஆச்சி, இதை ஏன் முதல்லயே சொல்லலை?

— நீங்க வயசைத்தான கேட்டிய.

— எத்தனை நாளா சாப்பிடுதீங்க?

— போன வருசம் தை மாசத்துலேருந்து. தினம் ஒண்ணு, காப்பிக்குப் பெறவு. ஒரு நா தப்புனதில்லை. கோயிலுக்குப் போறது தப்பும், மாத்திரை தப்பாது.

— ஒன்றரை வருஷம். அடுத்து, எழுதிக் கொடுத்த டாக்டர் யாரு?

— டாக்டரா? என் சேக்காளி வேதாதான் அனுப்புதா. மேலகரத்துல நானும் அவளும் ஒண்ணாப்புலேருந்து ஒரே பெஞ்சி. கல்யாணம் ஆகி பம்பாய்க்குப் போனவ, சீசனுக்குச் சீசன் வந்துருவா. போன சீசனுக்கு முந்தின சீசன்ல வந்தாளே, அப்பப் பாக்கணும் அவளை! என் வயசுதான், ஆனா மூங்கில் கம்பு கணக்கா இருக்கா, மொகம் மினுமினுன்னு இருக்கு. வேக்காடுன்னா என்னன்னு கேக்கா. "இதான்டி ரகசியம்"னு மாத்திரையைக் காட்டுனா. நான் விடுவனா? "எனக்கும் அனுப்புட்டி, இல்லேன்னா ஒங்கூட பேச்சில்லை"ன்னுட்டேன். தையில பார்சல் வந்துட்டு.

— மாத்திரை அட்டை இருக்கா? பேரைப் பாக்கணும்.

— அட்டை எங்க? பவுடர் டப்பாவுல கொட்டி, துணி சுத்தித் தச்சு அனுப்புவா. மாத்திரையும் மணக்கும், ஏப்பமும் மணக்கும்.

— பேரு தெரியாது, அளவு தெரியாது, ஒன்றரை வருஷம். ஆச்சி, இன்னையோட அதை நிறுத்துங்க.

— எங்கம்மா! அதை மட்டும் சொல்லாதிய. அது இல்லேன்னா நான் அடுப்புக்கு முன்னால நிக்க முடியாது.

— கொஞ்சம் கேளுங்க. மாதவிலக்கு நின்னா சினைப்பை அந்த ஹார்மோனைச் சுரக்கிறதை நிறுத்திரும். ஆனா உடம்புல இருக்க கொழுப்பு தன் பங்குக்கு அதைச் செஞ்சுக்கிட்டேதான் இருக்கும். கொழுப்பு கூடுனா அதுவும் கூடும்.

— அப்ப எனக்குள்ள மில்லே ஓடுதுன்னு சொல்லுங்க.

— ஓடுது, சங்கு ஊதாம ஓடுது. மாருல வர்ற புற்றுல ஒரு வகை இந்த ஹார்மோனைத் தின்னுதான் வளரும். அதனால இந்த வயசுக்கு மேல உடம்பு பெருத்துக்கிட்டே போனா அந்த ஆபத்தும் கூடும். அதுக்கு மேல வருஷக்கணக்கா மாத்திரையும் போட்டா இன்னும் கூடலாம்னு சிலர் எழுதுதாங்க. சிலர் இல்லைங்காங்க. படிச்சவங்களுக்குள்ளயே இன்னும் முடிவாகலை. எனக்கும் நிச்சயமாத் தெரியாது. தெரியாத ஒண்ணை உங்க உடம்புல வச்சுப் பாக்க நான் விடமாட்டேன்.

— புத்தா? மாருலயா?

— வந்துருச்சுன்னு சொல்லலை. பெருத்தவங்க எல்லாருக்கும் வரும்னும் சொல்லலை. பெரும்பாலும் வராது. வழி கொஞ்சம் அகலமாகுதுன்னு சொல்லுதேன்.

— ஏற்கெனவே உப்புப் போட்ட மாவுல, மறந்து போயி இன்னொரு கை அள்ளிப் போட்ட கதைங்கியளா?

— நான் சொன்னதை விட நல்லாச் சொல்லிட்டீங்க.

— அப்ப வேதா கணக்கா ஒல்லியா இருக்கவளுக்குப் பயமில்லை.

— அவங்க மாவுல உப்பு கம்மி ஆச்சி. அதுல ஒரு கை போட்டா சுருக்குனு தெரியுமே. அவங்களையும் நான் பாக்கணும். ஊருக்கு வந்திருக்காங்களா?

— வெளியில பெஞ்சுலதான் இருக்கா. அருவிக்கு வந்தும் குளிக்காம எங்க சேலைக்குக் காவல் இருந்தா. பம்பாய்க்காரிக்குக் கூட்டத்துல குளிக்க வெக்கம். ஏட்டி வேதா! உள்ள வா!

— என்னடி இப்படிக் கத்தறே? இது ஆஸ்பத்திரியா, ஐந்தருவியா? நமஸ்காரம் டாக்டர்.

— உக்காருங்கம்மா. நான் ஜாஹிரா. நீங்க உங்க சிநேகிதிக்கு ஹார்மோன் மாத்திரை அனுப்பினீங்களா?

— அச்சா... சொல்லிட்டாளா?

— சொல்லிட்டேன், மாட்டிக்கிட்டேன். அது ஆகாதாம்ட்டி. எனக்குள்ள மில்லு ஓடுதாம், நீ வெளியிலேருந்து வேற பஞ்சு அனுப்பியிருக்கே. புத்து வந்தாலும் வருமாம்.

— ஆச்சி, நான் அப்படிச் சொல்லலை. முதல்ல மாரைப் பாத்திருவோம். அந்தத் திரைக்குப் பின்னால போயி ரவிக்கையைக் கழத்துங்க.

— ஐயையோ, மாட்டேன்! கட்டுன மனுசனே வெளக்கை அணைச்சிட்டுத்தான் வருவாரு.

— போடீ, முப்பிடாதி. டாக்டர் பொம்மனாட்டிதானே? போய்ப் படு.

— நீ என்னட்டி இம்புட்டு அவசரப்படுதே? நீ பாத்துக்கிட்டியா மொதல்ல?

— எனக்கெல்லாம் ஆயாச்சு. நீ போ. போடீன்னா!

— சரி சரி, கண்ணை உருட்டாத. கூசுனா சிரிச்சிருவேன் டாக்டரம்மா, சொல்லிட்டேன்.

— சிரிங்க. கையைத் தலைக்கு மேல தூக்குங்க. வலிக்கா? இங்கன? அந்தப் பக்கம் திரும்புங்க. அக்குள்ள... சிரிக்காம இருங்க ஆச்சி, கை வழுக்குது.

— கூசுதே! ஏட்டி வேதா, பேச்சுக் குடு, சிரிப்பை அடக்க முடியலை!

— இருக்கா டாக்டர்? ஏதாவது தட்டுப்படறதா?

— இல்லை. ரெண்டு பக்கமும் கட்டி ஒண்ணும் இல்லை. எந்திரிச்சு ரவிக்கையைப் போடுங்க.

— பாத்தியா? நான் எங்க, புத்து எங்க!

— ஆனா ஒன்றரை வருஷம் சாப்பிட்டிருக்கீங்க ஆச்சி. மாருக்கு மட்டும் இல்லை, கர்ப்பப்பைக்கும் பாக்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை திருநெல்வேலிக்குப் போகணும். இப்பவே கடிதம் எழுதுதேன்.

— திருநெல்வேலிக்கா? எத்தனை வருசம்?

— சில வருஷம்.

— அப்ப நீங்க பயப்படுதிய. டாக்டரே பயப்பட்டா எனக்கு என்ன இருக்கு? ஆவணியில சின்னவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. பெரியவன் பட்டாளத்துல கெடக்கான், லீவு கெடைக்குமோ என்னமோ. நான் படுத்துட்டா ஆரு நின்னு நடத்துவா? வேக்காடு தாங்காம ஆசைப்பட்டது குத்தமா? சொல்லுங்க, குத்தமா?

— அழாதே... அழாதேடீ. டாக்டர், இவளுக்குத் திருநெல்வேலி எல்லாம் வேண்டாம்.

— அதை நான்தான் சொல்லணும்மா. ஆச்சி, நடுவுல ரத்தம் பட்டுதா?

— இல்லை.

— ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது மாத்தம்?

— அது மஞ்ச மஞ்சேர்னு போவும். பார்சல் வந்த மக்யா நாளே ஆரம்பிச்சுட்டு. உள்ள கெடந்த சூடு அம்புட்டும் அப்படி எறங்குதுன்னு கண்ணால பாத்துல்லா, மாத்திரை வேலை செய்யுதுன்னு நம்புனேன்! எங்க தெருவுல நாலு பேருகிட்ட சொல்லியிருக்கேன்.

— மஞ்சளாவா? ஹார்மோன் மாத்திரைக்கு அப்படிப் போகாதே. அது பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டால்ல...

— அதேதான் டாக்டர்.

— என்னம்மா சொல்லுதீங்க?

— நான் அனுப்பினது அதான். பி காம்ப்ளெக்ஸ். வாய்ப்புண்ணுக்குக் கொடுப்பாளே, அந்த மாத்திரை. அட்டையைப் பார்த்தா கண்டுபிடிச்சுடுவாளேன்னு பவுடர் டப்பாவிலே கொட்டினேன். நிஜ மாத்திரை ஒண்ணுகூட இவ வாயிலே போகலை.

— ஒண்ணுகூட?

— ஒண்ணுகூட இல்லை டாக்டர். சத்தியம்.

— அல்ஹம்துலில்லாஹ்! ஆச்சி, கண்ணைத் தொடைங்க. நீங்க சாப்பிட்டது வைட்டமின். கடிதத்தைக் கிழிச்சாச்சு, பாருங்க.

— இருங்க, இருங்க. அப்ப என் வேக்காடு எப்படிப் போச்சு?

— வருஷம் ஆக ஆகத் தானாவே தணியும். மிச்சத்தை உங்க நம்பிக்கை பாத்துக்கிட்டுது.

— வாய்ப்புண்ணு மாத்திரையையா நான் சாமி பிரசாதம் மாதிரி கண்ணுல ஒத்தி முழுங்கினேன்! ஏட்டி, சிரிக்காத. எனக்கு வயிறு எரியுது. ஏன்ட்டி இப்படிப் பண்ணுனே?

— அங்கே... சரக்கு கிடைக்கலைடீ.

— பம்பாய்ல கெடைக்காதா? ஒனக்கு மட்டும் கெடைச்சுதுல்லா!

— சரி, மறந்துட்டேன்னு வெச்சுக்கோ.

— மறந்தவ ஒன்றரை வருசமா துணி சுத்தித் தச்சு அனுப்புவாளா? எனக்குத் தெரியும். ரோட்டோரத்துல இட்லி விக்கவளுக்கு இது போதும்னு நெனைச்சுட்டே. நல்லதை நீ வச்சுக்கிட்டு எனக்குச் சக்கையை அனுப்பியிருக்கே. ஒரே பெஞ்சில இருந்து என்ன பிரயோசனம்?

— அப்படிச் சொல்லாதேடீ. நானும் சாப்பிடலை.

— பொய்யி!

— ஆச்சி, கொஞ்சம் பொறுங்க. வேதாம்மா, நீங்க எப்போ நிறுத்தினீங்க?

— இவகிட்டே அனுப்பறேன்னு சொல்லிட்டுப் போனேனே, அந்த வருஷம் கார்த்திகையிலே.

— அப்ப எனக்கு மொத பார்சல் வாரதுக்கு முன்னாலயா? என்னத்துக்குட்டி நிறுத்துனே? நல்லாத்தான இருந்தே!

— சொல்லுங்கம்மா. நானும் தெரிஞ்சுக்கணும்.

— பம்பாய்லே எனக்கு ஒரு பக்கத்தை எடுத்துட்டா, முப்பிடாதி. உனக்காவது ரெண்டும் இருக்கட்டுமேன்னுதான்டீ.