கடந்த ஒரு வாரத்தில்

கஸ்தூரி: அசையாம உக்காருங்க. இருபத்தோரு கேள்விதான்.

பரசுராமன்: இருபத்தொண்ணா! கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தாகூட இவ்ளோ கேக்க மாட்டாங்களே...

கஸ்தூரி: தென்றலுக்கு நர்சிங் காலேஜ்ல குடுத்த வேலை. பத்து பேர்கிட்ட கேட்டு எழுதணுமாம். என் தங்கச்சிக்காக இதுகூட செய்ய மாட்டீங்களா?

பரசுராமன்: அவளே வந்து கேக்கறது. மாமான்னா வாய் கிழியப் பேசுவாளே.

கஸ்தூரி: உங்கள கேக்கக் கூச்சமாம்.

பரசுராமன்: தென்றலுக்குக் கூச்சமா? மலை எழுந்து நம்ம வேங்கிக்கால் பக்கம் நடந்து வந்துச்சுன்னா சொல்லு, நம்பறேன்.

கஸ்தூரி: பேச்ச மாத்தாதீங்க. மாடிக்குக் காத்து வாங்கத்தானே வந்தோம்? வாங்கிக்கினே சொல்லுங்க. கடந்த ஒரு வாரத்துல எப்படி இருந்துச்சு... இல்லவே இல்ல, எப்பவாச்சும், அடிக்கடி, எப்பவுமே. நாலுல ஒண்ணு சொல்லணும்.

பரசுராமன்: ஜாஸ்தி, கம்மின்னா ஆவாதா?

கஸ்தூரி: ஆவாது. வேலை முடிஞ்சும் மனசு ஓயவே மாட்டேங்குதா?

பரசுராமன்: இல்லவே இல்ல. படுத்தா கும்பகர்ணன்.

கஸ்தூரி: நடுராத்திரில எழுந்து போய் வாசல்ல நிக்கிற கும்பகர்ணனா?

பரசுராமன்: அது... கொசு. நீ எழுது.

கஸ்தூரி: வாய் வறண்டு போவுதா?

பரசுராமன்: டீயா குடிச்சிக்கினு இருக்கறவனுக்கு வாய் எங்க வறளும்?

கஸ்தூரி: சின்ன விஷயத்துக்கும் கோவம் பொத்துக்கினு வருதா?

பரசுராமன்: உன்மேல கோவப்பட்டா சோறு யாரு போடறது?

கஸ்தூரி: வெளையாடாதீங்க. அடுத்தது...

பரசுராமன்: கை நடுங்குதா, அதானே?

கஸ்தூரி: ஆமா... உங்களுக்கு எப்படித் தெரியும்?

பரசுராமன்: நம்ம ஜெராக்ஸ் கடைக்கு வராத பேப்பரா? யாரோ காப்பி எடுத்தாங்க.

கஸ்தூரி: ஓ... சரி. நடுங்குதா?

பரசுராமன்: இல்ல. போதும் விடு. நாளைக்கு பௌர்ணமி, இப்பவே பஸ்ஸெல்லாம் கிரிவலக் கூட்டம். கடையில போய்...

கஸ்தூரி: உக்காருங்க. போன வாரம் ஒரு அம்மா வந்தாங்களாமே. நல்லா ஓடிக்கினு இருந்த மெஷின ரிப்பேர்னு சொல்லி அனுப்பிட்டீங்களாம். பக்கத்துக் கடை கோதண்டராமன் அண்ணன் சொன்னாரு.

பரசுராமன்: அவருக்கு வேற வேலை இல்ல.

கஸ்தூரி: எதுக்குங்க அனுப்புனீங்க?

பரசுராமன்: கொசு கடிக்குது, கீழ போலாம் வா.

கஸ்தூரி: சொல்லுங்க.

பரசுராமன்: அந்தம்மா குடுத்தது பொறப்பு சர்டிபிகேட், கஸ்தூரி. பொண்ணு கொழந்தையோடது. மெஷின் கண்ணாடி மேல வச்சேன்... கை நிக்கல. மூடிய எறக்கக்கூட முடியல.

கஸ்தூரி: எங்கிட்ட ஏங்க சொல்லல?

பரசுராமன்: சொமந்தவ நீ. ஆஸ்பத்திரிலேர்ந்து வெறுங்கையோட வந்தவ நீ. உன்கிட்ட வந்து, என் கை நடுங்குதுன்னு சொல்றதா?

கஸ்தூரி: நீங்கதானே நம்ம கொழந்தைய அடக்கம் பண்ணத் தூக்கிக்கினு போனீங்க... நான் மயக்கத்துல கெடந்தேன். மூஞ்சகூட சரியா பாக்கல.

பரசுராமன்: உன் மூக்கு.

கஸ்தூரி: என்னது?

பரசுராமன்: அவளுக்கு... அப்படியே உன் மூக்கு.

கஸ்தூரி: என் மூக்கா...

பரசுராமன்: ஏ... அழுவறியா? இதுக்குத்தான் நான் வாயே தொறக்கல.

கஸ்தூரி: அழுதுக்கறேன், விடுங்க. இத்தன நாளு இத நீங்க மட்டும் வச்சிக்கினு இருந்தீங்களே... எனக்கும் குடுத்திருக்கலாம்ல?

பரசுராமன்: சொன்னா ஒடஞ்சிடுவோம்னு பயம்.

கஸ்தூரி: நானா?

பரசுராமன்: இல்ல. நானு.

கஸ்தூரி: கிட்ட வாங்க... இந்தப் பேனாவும் வேணாம், கேள்வியும் வேணாம்.

பரசுராமன்: இல்ல, எடு. முதல்லேர்ந்து எழுது, இப்ப ஒழுங்கா சொல்றேன். மனசு ஓயாதது அடிக்கடி. வாய் வறளறது எப்பவாச்சும். கை நடுக்கம் அடிக்கடி. போன மாசம் எப்பவுமேன்னு சொன்னேன், இப்ப பரவால்ல.

கஸ்தூரி: போன மாசமா? யார்கிட்ட சொன்னீங்க?

பரசுராமன்: பெரியாஸ்பத்திரியில... மனநல டாக்டரம்மாகிட்ட. வியாழக்கெழமையில போறேன்.

கஸ்தூரி: பேப்பர் கட்டு வாங்க வேலூர் போறேன்னு சொல்வீங்களே!

பரசுராமன்: ஒரு போன் அடிச்சா பேப்பர் கடைக்கே வந்து எறங்கும் புள்ள.

கஸ்தூரி: திருட்டு மனுசன்.

பரசுராமன்: கோவமா?

கஸ்தூரி: இல்லீங்க... இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க.

பரசுராமன்: நீயும் ஒருவாட்டி வாயேன் கஸ்தூரி. பயப்பட ஒண்ணுமில்ல. அந்தம்மா பொறுமையா கேப்பாங்க. நான் கூடவே உக்காந்துக்கறேன். முதல்ல தென்றலுக்கு இத எழுதி முடிச்சிட்டு...

கஸ்தூரி: இது தென்றலுக்கு இல்லீங்க. அந்த டாக்டரம்மாதான் குடுத்தாங்க. உங்கள கேக்கணும்னு எனக்குக் குடுத்ததோட இன்னொண்ணும் சேத்து வாங்கிக்கினு வந்தேன்... செவ்வாக்கெழமை ராகுகால வெளக்கு போடப் போறேன்னு சொல்லிட்டு, நான் போறதும் அவங்ககிட்டதாங்க.