பதினோராவது பத்தி

— "...குமாஸ்தாவின் கவனக்குறைவால் மேற்படி பத்தி பிராதில் விடுபட்டுவிட்டது." அடிச்சாச்சா, பெரியவரே?

— அடிச்சாச்சு வக்கீல் சார். குமாஸ்தான்னா நான்தானே?

— அதாவது, பேர் வராது. எங்கயும் பேர் வராது.

— இந்த ஆபீஸ்ல இருக்கறதே ஒரே ஒரு குமாஸ்தா. என்னத்தைச் சொல்ல. மேல சொல்லுங்க சார்.

— அப்படிப் பாக்காதீங்க. நேத்து கோர்ட்ல நீங்களும் இருந்தீங்கல்ல? ஜட்ஜ் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுக் கேக்கறாரு, "மீதிப் பணத்தைக் கொடுத்து வீட்டை வாங்க நான் எப்பவும் தயாரா இருந்தேன், இப்பவும் இருக்கேன்னு உங்க கட்சிக்காரர் பிராதுல எங்க சொல்லியிருக்காங்க?"ன்னு. பத்து நிமிஷம் காகிதத்தைப் புரட்டுறேன். அதாவது, இல்லாததை எங்கன்னு தேடறது?

— பின் பெஞ்சுலதான் இருந்தேன். பக்கத்துல என் தங்கச்சி.

— அவங்களுக்குப் புரிஞ்சுதா?

— "ஏண்ணா, பணத்தை பேங்க்ல போட்டு வச்சுக்கிட்டு, பத்திரம் எழுத வாங்கன்னு அந்த வீட்டுக்காரர்கிட்ட நடையா நடந்தேனே, அதை எழுதலையா?"ன்னு கேட்டா.

— என்ன சொன்னீங்க?

— வெளிய கூட்டிட்டுப் போயி ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

— சாட்சி விசாரணை முடிஞ்சு, வாதம் பாதி ஓடியாச்சு. இப்பப் போயி பிராதைத் திருத்தணும்னா, ஆறு வருஷமா தூங்கினீங்களான்னு கேப்பாங்க. அதாவது, இந்த அஃபிடவிட்ல சத்தியம் பண்ணி ஒரு காரணம் சொல்லியாகணும். திருத்த விடலைன்னா வழக்கு போச்சு. இருபது வருஷமா வாடகைக்கு இருக்கற வீட்டை விட்டு உங்க தங்கச்சி கிளம்ப வேண்டியதுதான்.

— தெரியும் சார். இந்த அஃபிடவிட்ல அவதானே கையெழுத்துப் போடணும்? படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவா. பிராதைத்தான் அண்ணன் அடிச்சதுன்னு படிக்காம போட்டா, இனிமே அப்படிப் போட மாட்டா.

— இருங்க. அதை அழிங்க.

— எதை?

— குமாஸ்தாங்கறதை. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? முன்பணத்தைத் திருப்பிக் கேட்ட பழைய வழக்கு ஒண்ணு கையில இருந்துச்சு. அதையே மாதிரியா வச்சு, பேரையும் விலாசத்தையும் மாத்திக் கொடுத்தேன். பணத்தைத் திருப்பிக் கேக்கறவருக்கு அந்தப் பத்தி வேண்டாம். வீட்டைக் கேக்கறவங்களுக்கு அதுதான் உயிர். சோம்பேறித்தனம் என்னுது, பழியைத் தூக்கி உங்க தலையில கட்டப் பாத்தேன். உங்க முகத்தைப் பாக்கவே வெக்கமா இருக்கு. "வழக்கறிஞரின் தவறால்"னு அடிங்க.

— கை வரலை சார்.

— எனக்குக் கெட்ட பேர் வரும்னு பாக்கறீங்களா? வரட்டும்.

— அதில்லை. அன்னைக்கு டைப் அடிக்கும்போதே பாத்தேன். முப்பது வருஷமா இந்த மாதிரி பிராது அடிக்கறேன், பத்து முடிஞ்சா பதினொண்ணு அதுதான்னு விரலுக்கே தெரியும். கேக்கலாம்னு எழுந்து உங்க ரூம் கதவு வரைக்கும் வந்தேன்.

— வந்து?

— முந்தின நாள்தான் நாலு கட்சிக்காரங்க முன்னாடி, "நீங்க அடிக்கற வேலையை மட்டும் பாருங்க, சட்டத்தை நான் பாத்துக்கறேன்"னு சொன்னீங்க.

— நானா?

— உங்களுக்கு ஞாபகம் இருக்காது. சரி, கையெழுத்துப் போடும்போது இவரே பாத்துத் திருதிருன்னு முழிக்கட்டும்னு திரும்பி வந்து உக்காந்துட்டேன். நீங்க படிக்காமலே போட்டுட்டீங்க.

— மறுநாள் சொல்லியிருக்கலாமே?

— மறுநாள் சொன்னா, நேத்தே ஏன் வாயைத் திறக்கலைன்னு கேப்பீங்க. அந்த ஒரு நாள் அப்படியே ஆறு வருஷமாயிடுச்சு. ஒவ்வொரு வாய்தாவுக்கும், "அண்ணன் அந்த ஆபீஸ்லயே இருக்கு, எனக்கென்ன பயம்"னு சொல்லிக்கிட்டேதான் வரா.

— சொந்தத் தங்கச்சி வழக்காச்சே, பெரியவரே.

— படியில சத்தம் கேக்குது, அவதான் வரா. நீங்க முதல்ல சொன்னதே இருக்கட்டும் சார், குமாஸ்தான்னே இருக்கட்டும். கவனக்குறைவுங்கறதை மட்டும் எடுத்துடறேன். நான் கவனிச்சேன்.