அவன் காதில் அவன் குரல்

முதலில் அந்த ஃபேனை அணைத்துவிட்டால் நல்லது. உங்களுக்குப் பழகியிருக்கும், கேட்காது. அதன் ஒரு இறக்கை லேசாக வளைந்திருக்கிறது. சுற்றுக்கு ஒருமுறை உரசுகிறது. உங்கள் ரெக்கார்டரில் என் பேச்சைவிட அந்த உரசல்தான் நன்றாக விழும். பிறகு கேட்டு எழுதுகிறவர் பாவம். காதை வைத்தே பிழைத்தவன் நான். இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடிவதில்லை.

நன்றி. இப்போது பேசலாம்.

நீங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆள். எங்கள் ராக் குழுவின் கச்சேரிப் பயணம் ரத்தாகிவிட்டது. பாடகருக்குத் தொண்டை போனது தற்செயலா, யாராவது செய்ததா என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். எங்கள் கிடார்க்காரன் மேல் உங்களுக்குச் சந்தேகம் என்று கேள்விப்பட்டேன். ஆளின் உயரத்துக்கு அவனை நாங்கள் ஒட்டடைக்குச்சி என்போம். அவன் மேல் சந்தேகம் விழும்படி பார்த்துக்கொண்டது நான்தான். அதையும் சொல்கிறேன். எல்லாம் வரிசையாக வரட்டும்.

பாடகர் என் தம்பி. கூடப் பிறந்தவன். அப்பாவின் மரக்கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கேதான் ஆரம்பித்தோம். தம்பிக்கு அப்போது சாதுவான குரல், பள்ளிக்கூடத்தில் வாழ்த்துப் பாடுகிற குரல். "அடிவயித்துலேர்ந்து எடுடா" என்று சொல்லிக்கொடுத்தது நான். எனக்கு அந்த உறுமல் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும், ஆனால் என் தொண்டையில் வராது. அவன் தொண்டையில் வந்தது. முதல் தடவை வந்தபோது சுற்றிலும் தகரம் அதிர்ந்தது. அப்பா கடையிலிருந்து ஓடி வந்து, மரம் சரிந்துவிட்டதா என்று கேட்டார். எங்கள் முதல் மூன்று ஆல்பமும் அந்த உறுமலில் ஓடியவை. மேடையில் அவன் நிற்பான், ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் முன்னால் நான் உட்காருவேன். அதில் யார் பாடினார்கள் என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

நாலாவது ஆல்பத்துக்குமுன் அவன் தொண்டை கட்டிக்கொண்டது. டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். தொண்டைக்குள் கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். குரல் நாணில் வீக்கம், அதன் ஓரத்தில் சிவப்பு நூல் மாதிரி ஒரு நரம்பு. "சாதாரணமா பாடலாம், பேசலாம், ஒண்ணும் பயமில்ல. ஆனா இனிமே கத்தினா இது ஒருநாள் பிஞ்சிடும். அப்புறம் பேச்சும் இருக்காது" என்றார். அறை வாசலில் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வீட்ல சொல்லாதண்ணா, பயந்துடுவா. பசங்ககிட்டயும் வேணாம். நானே பாட்ட மாத்திக்கிறேன். சவுண்டு மாறுதுன்னு மட்டும் எல்லாரும் நினைச்சுக்கட்டும்."

ஆக, ஏன் மாறுகிறது என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? பியானோவை ஸ்டுடியோவுக்குள் தூக்கி வந்த அன்றே டிரம்ஸ்காரன் முகம் தொங்கிவிட்டது. "இதுல எனக்கென்ன வேலை? கைக்குட்டைய வெச்சுத் தட்டவா?" என்றான். ஒட்டடைக்குச்சி தம்பியைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ரசிகர்கள் விலை போய்விட்டான் என்று எழுதினார்கள். தம்பி எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே தாங்கினான்.

ஒருநாள் சாப்பிடும்போது என்னிடம் சொன்னான், இனிமேல் சின்னச் சின்ன அரங்குகளில் ஒரே ஒரு மைக்கோடு பாடப்போவதாக. காதில் எதையும் மாட்டிக்கொள்ளத் தேவையில்லையாம். "நீயும் எத்தன நாளைக்குண்ணா எங்க பின்னாடியே அலைவே? கொஞ்சம் ரெஸ்ட் எடு." அன்பாகத்தான் சொன்னான். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் கவலையெல்லாம் பாட்டைப் பற்றித்தான்.

இப்போது என் வேலையைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். பாடுகிறவர் காதில் சின்ன இயர்ஃபோன் மாட்டியிருப்பார். அதில் அவர் குரல் எவ்வளவு, கிடார் எவ்வளவு, டிரம்ஸ் எவ்வளவு என்று கலந்து அனுப்புவது நான். காது சொல்வதைத்தான் தொண்டை நம்பும். தன் குரல் தனக்குக் குறைவாகக் கேட்டால், யாரும் சொல்லாமலே மனிதன் கூட்டிப் பேசுவான். கூட்டமான பஸ்ஸில் போனில் பேசுகிறவர்களைப் பாருங்கள். அவர்கள் கத்துவது அவர்களுக்கே தெரியாது.

ஒத்திகையில் ஆரம்பித்தேன். தம்பியின் காதில் அவன் குரலைக் கடுகளவு குறைத்தேன். மறுநாள் இன்னொரு கடுகு. கிடாரை ஒரு நூல் ஏற்றினேன், டிரம்ஸை ஒரு நூல். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அந்த வாரக் கடைசியில் அவன் குரலின் ஓரத்தில் பழைய சொரசொரப்பு திரும்பி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், அதை மறைப்பானேன்.

அவனுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. "அண்ணா, என் குரல் எனக்கே எட்ட மாட்டேங்குது" என்றான்.

"சளி புடிச்சிருக்கும்டா. ஆவி புடி."

ஆவி பிடித்தான். பிறகு காதைச் சோதித்துப் பார்த்தான். காதில் குறையில்லை என்றார்கள். சந்தேகம் என்பது ஓர் இடத்தில் உட்கார்ந்தால்தான் அடங்கும். அதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரே ஒரு தடவை சொன்னேன்: "ஒட்டடைக்குச்சி கிடார் ஆம்ப்ப கூட்டி வெக்கறானோ என்னமோ. புது சவுண்டு அவனுக்குப் புடிக்கலல்ல." அவ்வளவுதான். மீதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். தம்பி கிடார்க்காரனின் கையைக் கவனிக்க ஆரம்பித்தான். கிடார்க்காரன் தன்னைக் கவனிக்கிறார்கள் என்பதைக் கவனித்தான். ஒருநாள் ஆம்ப்பின் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "என் புள்ள மேல சத்தியமா நான் தொடல" என்றான். யாரும் நம்பவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அதுதான். குழுவை விட்டுப் போகும்போது என்னிடம் மட்டும் வந்து, "நீங்களாவது அவனப் பாத்துக்குங்கண்ணா" என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவன் போனபிறகும் தம்பிக்குத் தன் குரல் கேட்கவில்லை. அப்புறம் சந்தேகப்பட அவனுக்கு அவனே மிச்சம். "எனக்குத்தான் என்னமோ ஆகுதுண்ணா. மண்டைக்குள்ள ஏதோ சரியில்ல" என்பான். நான் முதுகைத் தட்டிக்கொடுப்பேன்.

உண்மைக்கு அருகில் வந்தவள் தம்பி மனைவி ஒருத்திதான். அவளுக்குச் சங்கீதம் எதுவும் தெரியாது. அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், அவன் கழற்றி வைத்திருந்த இயர்ஃபோனைச் சும்மா காதில் வைத்துப் பார்த்தாள். கடைசியாகப் பாடியதை நான் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன மாமா, இதுல இவர் குரலே காணோம்?"

"பாடறவனுக்கு அவன் குரல் உள்ளுக்குள்ளயே கேக்கும்மா. அதனால வெளியிலேர்ந்து கம்மியாத்தான் குடுக்கணும்."

பொய்யாகச் சொன்னால்கூடக் கொஞ்சம் உண்மை கலந்து சொல்ல வேண்டும். அவள் இயர்ஃபோனைத் துடைத்து வைத்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா" என்றாள். அன்றே நிறுத்தியிருக்கலாம். நினைத்துப் பார்த்தேன். ஆனால் ஆல்பத்தின் கடைசிப் பாட்டைப் பதிவு செய்வது பாக்கி இருந்தது.

அது ஒரு தாலாட்டு. அவன் மகளுக்கு எழுதியது. குழந்தை அப்போது பேச ஆரம்பிக்கவில்லை. பியானோவும் குரலும் மட்டும் போதும் என்று தம்பி சொன்னான். தாளத்துக்காக டிரம்ஸை அவன் காதுக்கு மட்டும் அனுப்புகிறேன் என்றேன். அனுப்பினேன். அவன் குரலை எடுத்துவிட்டேன். கடுகளவு இல்லை, முழுக்க. முதல் வரியை முணுமுணுப்பாக எடுத்தான். இரண்டாவது வரியில் கழுத்து நரம்பு தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாதியில் நிறுத்தி, காதைத் தொட்டுக் காட்டினான்.

"அண்ணா, என் குரல் எனக்குச் சுத்தமா கேக்கல."

நான் பட்டனை அழுத்தி அவன் காதில் பேசினேன். "எனக்கு நல்லா கேக்குதுடா. இன்னும் கொஞ்சம் குடு."

கொடுத்தான். அண்ணன் சொன்னால் கொடுப்பான். அது தகரக் கொட்டகையில் வந்ததைவிடப் பெரியது. தூங்கு என்கிற வார்த்தையை அப்படி ஒருத்தன் உறுமி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அதன் நடுவில் ஏதோ அறுந்தது. அது பதிவில் இருக்கிறது, நான் வெட்டவில்லை. ஆல்பம் வந்தபிறகு எல்லோரும் பேசியது அந்த ஓர் இடத்தைப் பற்றித்தான். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டான் என்று எழுதினார்கள்.

குழந்தை இப்போது பேசுகிறாள். அவன் பேசுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் போனில் எழுதிக் காட்டுகிறான். நான்தான் அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறேன். நீ இல்லையென்றால் என்ன ஆகியிருப்பேன் என்று போன வாரம் எழுதிக் காட்டினான்.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒட்டடைக்குச்சி மேல் இரக்கப்பட்டு இல்லை. இதை அவன் வேலை என்று நீங்கள் அறிக்கை எழுதினால் என்னால் பொறுக்க முடியாது. அவனுக்கு அந்தக் காது கிடையாது. அந்தப் பாட்டு என்னுடையது.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நான் அவனுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். குரல் அறுந்தது அவனுக்கு உடனே புரியவில்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. இயர்ஃபோன்தான் செத்துவிட்டது என்று நினைத்திருக்கிறான். என்னைப் பார்த்து, காதைத் தொட்டு, விரலை மேலே காட்டினான், என் குரலை ஏற்று என்று. நான் உடனே ஏற்றினேன். கடைசிவரைக்கும் ஏற்றினேன். தம்பி கேட்டு நான் இல்லையென்று சொன்னதே கிடையாது.