ஆறாவது போல்ட்டு

— போன மாசம் உன் கடையில வாங்குன, போல்ட்டு கழட்டுற பிட்டுதேன் பாய் இது. நல்லாப் பாரு. ஆறு முனையும் மழுங்கி, வாயி கோணிப் போயிக் கெடக்கு. நீ குடுத்தது இரும்பா, கொடைக்கானல் கேரட்டா?

— மெதுவாப் பேசு தங்கமுத்து மாப்ள. யாசின் கடையில கேரட்டு விக்கிறான்னு ஊரு பூராம் பரவிருச்சுன்னா, நான் டூல்ஸ் கடையைச் சாத்திட்டுக் காய்கறி மார்க்கெட்டுலதேன் போயி உக்காரணும். இங்க குடு அதை.

— வெளையாடாத. முப்பதாம் நம்பர் ஸ்டார் பிட்டு. முழுசா ஒரு வீலுக்குக்கூடத் தாங்கல. இதைவிட ஒசத்தியா, வருசக்கணக்கா ஒழைக்கிற மாதிரி ஒண்ணு குடு. சாக்கெட்டோட சேந்ததா இருக்கட்டும்.

— குடுப்போம், அதுக்குத்தேன் கடையைத் தெறந்து வச்சிருக்கோம். ஆமா, எப்பவும் உன் ஒர்க்‌ஷாப்பு பெலிக்ஸுதானே வருவான்? அவன் சேந்த இந்தப் பதினோரு வருசத்துல ஒரு வாஷர் வாங்கக்கூட நீ இந்தப் படி ஏறுனதில்லையே. இன்னிக்கு மொதலாளியே வந்திருக்கீக.

— அவன் இல்ல.

— லீவா?

— அனுப்பிட்டேன். எட்டு நாளாச்சு.

— யாரை, பெலிக்ஸையா? யா அல்லாஹ்! அவனை விட்டா உனக்கு வேற ஆளு ஏது? என்ன பண்ணான்?

— இந்தா உன் கையில இருக்கே, இதைப் பண்ணான். ஒட்டன்சத்திரத்துல காய்கறி மண்டி வச்சிருக்காருல்ல சிவபிரகாஷ், அவரு பெரிய பைக்கு. முன்வீல்ல பிரேக் டிஸ்க்குப் பிளேட்டு மாத்தணும். ஆறு போல்ட்டு, ஆறும் தலையில நட்சத்திர ஓட்டை வச்ச ஸ்டார் போல்ட்டு. அஞ்சு வந்திருச்சு. ஆறாவதுல பெலிக்ஸு பிட்டு மாட்டுன ராட்செட்டுப் பிடியைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தான் பாரு, பிட்டும் போச்சு, போல்ட்டுத் தலையும் மொக்கையாப் போச்சு. வண்டிக்காரரு பக்கத்துலயே நிக்கிறாரு. ‘ஏனுங்க, நம்பித்தானுங்க இம்புட்டு தூரம் கொண்டாந்தேன், இப்படிப் பண்ணிட்டீங்களேங்க’ன்னு அவரு ஒவ்வொரு ‘ங்க’ போடப் போட எனக்கு மானம் போகுது.

— அந்த எடத்துலயே அவனை அனுப்பிட்டியாக்கும்.

— பின்ன? முப்பது வருசமா என் ஒர்க்‌ஷாப்புல ஒரு போல்ட்டு மொக்கையானது கெடையாது. அவனுக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்கு, தெரியாம இல்ல. அதுக்காக? பேருன்னு ஒண்ணு இருக்குல்ல.

— பெலிக்ஸு என்ன சொன்னான்?

— ஒண்ணுஞ் சொல்லல. கையைத் தொடைச்சான், துணியை மடிச்சு வச்சான், தன் வண்டியை எடுத்தான், போயிட்டான். நாப்பது வயசு ஆம்பளை, தன் மேல தப்பு இல்லைன்னா வாயைத் தெறப்பானா மாட்டானா?

— ம். சரி, இப்ப சரக்கைப் பாப்போம். அந்த ஆறாவது போல்ட்டு இன்னும் வண்டியிலதேன் இருக்கா?

— அப்படியே கெடக்கு. சனிக்கிழமைக்குள்ள வண்டி வேணும்னு தெனம் போன் பண்றாரு. அரை இஞ்சுக் கம்பியை வச்சு அடிச்சு எடுத்துரலாமான்னு பாத்தேன்.

— அந்தக் காரியம் மட்டும் பண்ணிராத. நம்ம ஊருல பாதிப் பேரு அப்படித்தேன், ஸ்டார் ஓட்டையில ஆறு பட்டை எல்என் கீயைச் சுத்தியல்ல அடிச்சு ஏத்திக் கழட்டுறானுக. ஒரு தடவை வரும், அடுத்த தடவை போல்ட்டையே அறுக்கணும். டிஸ்க் போல்ட்டுல கம்பெனிக்காரன் பசை போட்டிருப்பான். மொதல்ல செத்த நேரம் சூடு காட்டு. ஓட்டைக்குள்ள இருக்குற மண்ணை ஊசியால நோண்டி எடு. அப்பறம் பிட்டை வச்சு மேல ஒரு தட்டு தட்டி, அடி வரைக்கும் உக்காந்துச்சான்னு பாத்துட்டு இழு.

— அதெல்லாம் நீ எனக்குச் சொல்லிக் குடுக்குறியாக்கும். சரக்கைக் காட்டு.

— இந்தா, இது பளபளன்னு இருக்கே, கை ராட்செட்டுக்குச் சரி. இதைக் கொண்டுபோயி, அடிச்சு அடிச்சுக் கழட்டுற இம்பாக்ட் கன்னுல மாட்டுனியோ, வெடிச்சுத் தெறிக்கும். இந்தக் கருப்பு இருக்கு பாரு, இது இம்பாக்டுக்குன்னே செஞ்சது. சுவரு கனம். அடியைத் தாங்கும்.

— கருப்பே குடு.

— பறக்காத. சாக்கெட்டுங்குறது வெறும் சட்டைதேன், உள்ள நிக்கிற பிட்டுதேன் ஆளு. இதுல எஸ் டூன்னு அடிச்சிருக்கு, அது ஸ்டீலோட வகை, முறுக்கைத் தாங்கும். ரொம்பக் கடினமா இருந்தாலும் ஆகாது, படக்குன்னு ஒடிஞ்சு போல்ட்டுக்குள்ளயே தங்கிரும். ரொம்ப மெதுவா இருந்தா முறுக்கிக்கிட்டு, போறப்ப போல்ட்டையும் கூட்டிட்டுப் போயிரும். இது ரெண்டுக்கும் நடுவுல. பிட்டு தேஞ்சாலும் சாக்கெட்டுல இருந்து தட்டி எடுத்துட்டு வேற ஏத்திக்கலாம். சாக்கெட்டு அது பாட்டுக்குக் கெடக்கும்.

— இதுல நடுவுல ஓட்டை தட்டுப்படுதே, கையில?

— அது வேற. போல்ட்டு நடுவுல முள்ளு மாதிரி நிக்கும்ல, சென்சாரு கின்சாரு மேல, அதுக்கு. உனக்கு வேண்டாம். நடுவுல ஓட்டை போட்டாலே பலம் கொறைஞ்சு போச்சுல்ல. அதை வை கீழ.

— இந்தப் பெரிய வாயி?

— அது ஈ சாக்கெட்டு. போல்ட்டுத் தலையே நட்சத்திரமாத் துருத்திக்கிட்டு நின்னா, அதை மேல இருந்து கவ்வுறதுக்கு. எதையாவது எடுத்துத் தடவிக்கிட்டே இருக்காத மாப்ள, எது வேணும்னு வாயால சொல்லு.

— எத்தனை தடவை சொல்றது? முப்பது. அந்தச் செத்துப்போன பிட்டு என்ன நம்பரோ அதே நம்பரு.

— அங்கதேன் எனக்கு இடிக்குது. இது முப்பது இல்ல. இருபத்தேழு.

— யாரு சொன்னா?

— கழுத்துல வெட்டியிருக்கான். நீயே வாசி.

— எங்க... டி... முப்பதுன்னுதானே இருக்கு.

— ரெண்டு, ஏழு.

— உன் கடையில வெளிச்சம் பத்தல பாய்.

— மணி பன்னெண்டு. திண்டுக்கல் வெயிலு வாசல்ல பாய் போட்டுப் படுத்திருக்கு. வா, இங்க வந்து நின்னு வாசி.

— சரி சரி, இருபத்தேழாவே இருக்கட்டும். அப்ப அந்தப் பய நம்பரை மாத்தி மாட்டியிருக்கான். நான் அனுப்புனது சரியாத்தேன் போச்சு.

— அப்படியா? மொத அஞ்சு போல்ட்டைக் கழட்டுனது யாரு?

— நான்.

— எந்தப் பிட்டால?

— ராட்செட்டுல இருந்த பிட்டால.

— அதை ராட்செட்டுல மாட்டுனது யாரு?

— ஏன்யா போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கேக்குற? அன்னிக்கு பெலிக்ஸு லேட்டு. மக ஸ்கூல்ல ஏதோ மீட்டிங்குன்னு பதினோரு மணிக்குத்தேன் வந்தான். வண்டிக்காரரு அவசரப்படுத்துனாரு, நானே ஆரம்பிச்சுட்டேன். அஞ்சு வந்துச்சு, ஆறாவது அசைய மாட்டேன்னு நின்னுச்சு. அந்நேரம் இவன் வந்தான். இந்தாடா, நீ ஒரு இழு இழுன்னு ராட்செட்டைக் கையில குடுத்தேன்.

— நம்பரைப் பாத்தானா அவன்?

— மொதலாளி கையால எடுத்துக் குடுத்ததை எவன்யா நம்பர் பாத்து வாங்குவான்?

— நீயே சொல்லிட்ட.

— என்ன சொல்லிட்டேன்?

— இருபத்தேழை முப்பது ஓட்டையில விட்டா அரை மில்லி ஆட்டம் இருக்கும் மாப்ள. லேசா இருக்குற போல்ட்டு வந்துரும். இறுகுனது வழுக்கும். இந்தப் பிட்டைப் பாரு, ஆறு இதழும் ஓரத்துல மட்டும்தேன் சீவிப் போயிருக்கு. நம்பரு சரியா இருந்து போயிருந்தா கழுத்தோட முறுக்கியிருக்கும். இருபது வருசமா ஊரு மெக்கானிக்கு பூராம் ஒடிஞ்சதை எங்கிட்டதானே கொண்டாந்து சண்டைக்கு நிக்கிறீக, எனக்குத் தெரியாதா? ஆடத் தெரியாதவன் மேடை கோணல்னானாம். முந்தி பிட்டு மேல பழி, அப்பறம் பெலிக்ஸு மேல பழி.

— நான் கட்டைவெரலால தடவிப் பாத்தே நம்பர் சொல்லிருவேன் பாய். முப்பது வருசக் கை இது.

— கண்ணு இருக்கையில வெரலு எதுக்குப் பாக்கணும்?

— பிட்டைக் குடு, நான் கெளம்புறேன்.

— எம்புட்டு நாளா இப்படி?

— எப்படி? எனக்கென்ன? மலைக்கோட்டை மேல நிக்கிறவன் என்ன கலரு சட்டைன்னு இங்க இருந்தே சொல்லுவேன்.

— மலைக்கோட்டைக்கா பிரேக் மாட்டப் போற? கிட்டத்துல இருக்குற எழுத்து தெரியல உனக்கு. வெள்ளெழுத்து மாப்ள. எனக்கு நாப்பத்தி மூணு வயசுல வந்துச்சு. ஒரு கண்ணாடியை வாங்கி மூக்குல ஏத்துனேன், சோலி முடிஞ்சு போச்சு.

— உனக்கென்னய்யா, கல்லாவுல உக்காந்திருக்கவன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு, போல்ட்டுகிட்ட மூஞ்சியைக் கொண்டுபோயித் தேடுற மெக்கானிக்குகிட்ட எவன் லட்ச லட்சமாப் போட்டு வாங்குன வண்டியை விடுவான்? இவனுக்கே கண்ணு தெரியல, இவன் என்னத்தைப் பாப்பான்னு அடுத்த ஆளுகிட்டப் போயிருவான். பயமா இருக்கு பாய். நெசமாச் சொல்றேன், பயந்தேன். ஸ்பேனரை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.

— வீட்டுல தங்கச்சிக்குத் தெரியுமா?

— சூர்யகலாவுக்கா? மூச்சு விடல. யாருக்குமே தெரியாது.

— பெலிக்ஸுக்கு?

— அவனுக்கும் சொல்லல. அவன் பாட்டுக்குக் காலையில வந்ததும் ஒரு துணியை விரிச்சு, பிட்டையெல்லாம் சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் வரிசையா அடுக்கி வச்சிருவான். ஏண்டா, நீ சர்ச்சுக்குப் போறவன், இங்க வந்து கொலு வைக்கிறியான்னு திட்டுவேன். ஆனா எனக்கு அது வசதியா இருந்துச்சு. எத்தனாவது எடம்னு பாத்து எடுத்துக்குவேன்.

— நீ கேட்டா அடுக்குனான்?

— நான் எதுக்குக் கேக்கப் போறேன்.

— அன்னிக்கு அவன் லேட்டு. துணியும் விரிக்கல, பிட்டும் அடுக்கல. நீ டப்பாவுல கையை விட்டுத் தடவி எடுத்திருக்க.

— ஆமா.

— யானைக்கும் அடி சறுக்கும் மாப்ள. சறுக்குனதுக்குப் பாகனை அடிச்சுத் தொரத்துனா எப்படி? போன் அடி அவனுக்கு.

— எடுக்க மாட்டான்.

— அடிச்சுப் பாத்தியா?

— அடிக்கல.

— நல்லா இருக்கு கதை. இரு, என் போன்ல இருந்து அடிக்கிறேன். ஸ்பீக்கர்ல போடுறேன், நீயே பேசு. ஹலோ, பெலிக்ஸு?

— சொல்லுங்க பாய், நல்லாருக்கீங்களா?

— இருக்கேன்ப்பா. இங்க உங்க அண்ணன் நிக்கிறாரு.

— ...அண்ணே.

— பெலிக்ஸு. சாப்டியா?

— சாப்டேண்ணே. நீங்க?

— ம். அந்தப் பிட்டு இருக்குல்ல... அது இருபத்தேழாம்டா.

— ஆமாண்ணே.

— உனக்குத் தெரியுமா?

— வழுக்குன ஒடனே குனிஞ்சு பாத்தேன். இருபத்தேழுன்னு இருந்துச்சு.

— அப்பறம் ஏண்டா வாயைத் தெறக்கல? அம்புட்டுப் பேச்சு பேசுனேன், கல்லு மாதிரி நின்ன?

— வண்டிக்காரரு பக்கத்துல நிக்கிறாரு. எங்க அண்ணனுக்கு நம்பரு கண்ணுக்குத் தெரியாது சார்னு அவருகிட்டச் சொல்லச் சொல்றீங்களா?

— அப்பறம் தனியாவாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடா.

— எனக்கு வருத்தந்தாண்ணே, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலம் கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன். மறுநாளு நெனச்சேன். எம் பொண்டாட்டி இசைவாணி தெனம் கேக்குறா, எதுத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வரத் தெரியலையான்னு.

— தப்பு என்னுதுடா. நான்தேன் மாட்டுனேன், நான்தேன் உன் கையில குடுத்தேன். வண்டிக்காரரு முன்னாடி உன்னிய அப்படிப் பேசிட்டு, எட்டு நாளா ஒரு போன்கூட அடிக்கல. வறட்டு வீம்பு, வேற ஒண்ணுமில்ல. நீ வந்துரு. சிவபிரகாஷ்கிட்ட நானே வாயால சொல்றேன், போல்ட்டைக் கெடுத்தது நான்தேன்னு.

— வாரேண்ணே. வராம எங்க போகப் போறேன். அது கெடக்கட்டும், இந்த எட்டு நாளுல பிரேக்கு வேலை ஏதாச்சும் வந்துச்சா?

— வந்துச்சு, வராம என்ன. நான் ஒத்தை ஆளாப் பாத்துக்கிட்டேன்.

— ஸ்டார் போல்ட்டு வண்டியா?

— ஆமா. எல்லாம் நல்லா இறுக்கிப் பூட்டித்தேன் அனுப்புனேன். எதுக்குக் கேக்குற?

— சின்னப் பிட்டு ஓட்டைக்குள்ள வழுக்குறதும், போல்ட்டு இறுகி நிக்கிறதும் கைக்கு ஒண்ணு மாதிரிதாண்ணே தெரியும். நாலு வருசமா சாயங்காலம் நீங்க டீக்குப் போனப்புறம், நீங்க பூட்டுன பிரேக் போல்ட்டு எல்லாத்தையும் நம்பர் பாத்து, முறுக்கு அளவு காட்டுற டார்க் ரெஞ்சு போட்டு, ஒருக்கா இறுக்கிட்டுத்தான் வண்டிக்காரங்ககிட்ட சாவியைக் குடுப்பேன். பல நாளு லூசாத்தாண்ணே இருந்திருக்கு. இப்ப எத்தனை வண்டி வெளிய போயிருக்கு?

— மூணு. ரெண்டு ஊருக்குள்ளதேன் ஓடுது. இன்னொண்ணை... இன்னிக்குக் காலையில எடுத்துட்டு நேரா சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுல ஏறப் போறேன்னு சொன்னாரு. பாய், இந்தா என் போனு. இதுல அவரு பேரு முகேஷ்குமாருன்னு இருக்கும். எனக்கு எழுத்து தெரியல, சீக்கிரம் தேடி எடுத்துக் குடு.