பாத்தா வராத கோளாறு

நல்லவர்தான் மேடம். நான் எப்போ இல்லைன்னு சொன்னேன்? இப்போ எழுந்து வெளிய போனாரே, கதவை எவ்வளவு மெதுவா சாத்திட்டுப் போனாரு பாத்தீங்களா? என் கைப்பை நாற்காலியில சரிஞ்சு கிடந்துச்சு, அதை நிமித்தி வேற வச்சுட்டுப் போனாரு. உடனே நீங்க பேனாவைத் திறந்து என்னமோ எழுதினீங்க. அக்கறையான கணவர்னு எழுதியிருப்பீங்க. எழுதுங்க, எழுதுங்க. உங்க இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் எழுதுவேன்.

தெரியும் மேடம். இன்னிக்கு நீங்க எங்க கவுன்சிலிங் ரிப்போர்ட்டை முடிச்சு கோர்ட்டுக்கு அனுப்பணும். இவங்க சேர்ந்து இருக்கலாமா, பிரிஞ்சு போகலாமான்னு ஏதாவது ஒண்ணு எழுதியாகணும். போன தடவை குறட்டைன்னு சொன்னேன், அதுக்கு முந்தின தடவை ஈரத் துண்டைக் கட்டில்ல போடறாருன்னு சொன்னேன். இதுக்கெல்லாம் யாராவது டைவர்ஸ் கேப்பாங்களாம்மான்னு சிரிச்சீங்க. சரி, இன்னிக்கு நிஜத்தைச் சொல்றேன். ஆனா அதுக்கு எங்க வேலையைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். பயப்படாதீங்க, கணக்கெல்லாம் வராது.

நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆஃபீஸ். கார் பார்க்கிங்ல நுழையற இடத்துல, சீட்டைக் காட்டினா மேல போகுமே ஒரு கம்பி? ஆமா, அதேதான். அந்தக் கம்பி பக்கத்துல ஒரு பெட்டி இருக்கும். அந்தப் பெட்டிக்குள்ள ஓடற கெர்னல்ங்கற ப்ரோக்ராம் நாங்க எழுதறது. கெர்னல்னா... எப்படிச் சொல்றது, கூட்டுக் குடும்பத்துல காலையில யாரு முதல்ல பாத்ரூம் போறது, யாரு காத்துக்கிட்டு நிக்கறதுன்னு முடிவு பண்ற மாமியார் இருக்காங்கல்ல, அவங்கன்னு வச்சுக்கோங்க. மாமியார் மயங்கி விழுந்துட்டா அன்னிக்கு வீட்டுல யாரும் குளிக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

எங்க மாமியாருக்கு அப்பப்போ மயக்கம் வந்துச்சு. மயக்கம்னா தடால்னு விழறதில்ல. விழுந்தாலாவது நல்லது, எங்க விழுந்தோம்னு ஒரு வரி எழுதிட்டு விழும். இது அப்படியே நின்னுடும். லைட் எரியும், ஃபேன் சுத்தும், கூப்பிட்டா பதில் வராது. கம்பி மேலயும் போகாது, கீழயும் வராது. பின்னாடி இருபது கார் ஹாரன் அடிக்கும். வாட்ச்மேன் வந்து பெட்டியை ஒரு உதை விடுவாரு. எங்க கம்பெனிக்கு வந்த பாதிப் புகார் அந்த உதையால வந்த பள்ளத்தைப் பத்திதான்.

அந்தக் கோளாறை நிஜப் பெட்டியில வச்சுத் தேட முடியாது மேடம். அதனால நாங்க என்ன பண்ணுவோம்னா, எங்க கம்ப்யூட்டருக்குள்ளயே பொய்யா இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்குவோம். விர்ச்சுவல் மெஷின்னு பேரு. உள்ள ஓடற கெர்னலுக்கு அது பொய்னு தெரியாது. பொய்க் கம்பி, பொய்க் கார், பொய்ச் சீட்டு, எல்லாம் குடுப்போம். அது பாட்டுக்குப் பொறுப்பா கம்பியை ஏத்தி இறக்கிக்கிட்டு இருக்கும். அதுல ஒரு சௌகரியம், டிபகர்னு ஒரு கருவியைப் போட்டா நினைச்ச இடத்துல அதை அப்படியே நிறுத்தலாம். நிறுத்தி, உள்ள எட்டிப் பாத்து, யாரு எங்க நிக்கறாங்கன்னு விசாரிச்சுட்டு மறுபடி ஓட விடலாம். நிறுத்தினதுகூட அதுக்குத் தெரியாது. அதோட கடிகாரமும் சேர்ந்து நின்னுடும்ல.

எங்க மேனேஜருக்கு நாங்க வச்ச பேரு நல்லாத்தானே-இருக்கு. வெளிய ஊர் பூரா கம்பி நின்னு போய்க் கிடக்கும். இவரு வந்து எங்க தோள் மேல எட்டிப் பாப்பாரு. உள்ள பொய்க் கம்பி ஜம்முனு ஏறி இறங்கும். நல்லாத்தானே இருக்குன்னுட்டு டீ குடிக்கப் போயிடுவாரு. உண்மையிலேயே அப்படித்தான் மேடம் இருந்துச்சு! டிபகரைப் போட்டு, ஒவ்வொரு அடியா நிறுத்தி நிறுத்திப் பாத்தோம்னா ஒரு தப்பும் பண்ணாது. தங்கமா நடந்துக்கும். டிபகரை எடுத்துட்டு வெளிய அனுப்பினா மறுநாளே ஹாரன். ஒருநாள் அவரு நிஜமாவே கேட்டாரு, அப்போ டிபகரையும் சேர்த்தே அனுப்பிட்டா என்னன்னு. எம்பிஏ படிச்சவரு.

சிரிக்காதீங்க மேடம். நீங்களும் போன தடவை அதைத்தானே சொன்னீங்க? மூணு தடவை கூப்பிட்டு வச்சுப் பேசிட்டேன், எனக்கு ஒரு குறையும் தெரியல, நல்லாத்தானேம்மா இருக்காருன்னு. கோவிச்சுக்காதீங்க, எங்க மேனேஜர் ஞாபகம் வந்துடுச்சு.

கோளாறை எப்படிக் கண்டுபிடிச்சோமா? கண்டுபிடிச்சோம் இல்ல, கண்டுபிடிச்சேன். அங்கதான் வினையே. ஒருநாள் எனக்குத் தோணுச்சு, நாம நிறுத்தி நிறுத்திப் பாக்கறதாலதான் இது தப்பிச்சுக்குதோன்னு. டிபகரைத் தூக்கிப் போட்டேன். பொய்க் கம்பி ரொம்ப மரியாதையா, மெதுவா பதில் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நிஜக் கம்பி அப்படியா? அது வெயில்ல காயுது, மழையில நனையுது, ஒரு நாள் வெடுக்குன்னு பதில் சொல்லும், ஒரு நாள் இழுக்கும். அதே மாதிரி இதையும் தாறுமாறா பதில் சொல்லச் சொன்னேன். கெர்னல் என்ன பண்ணுதுங்கறதை அதோட ஞாபகத்துலயே ஒரு மூலையில சத்தம் போடாம எழுதிக்கிட்டே போகச் சொன்னேன். ஓட விட்டுட்டு சாப்பிடப் போயிட்டேன். திரும்பி வந்தா நின்னு போய்க் கிடக்கு! எனக்கு வந்த சந்தோஷத்தைப் பாத்துட்டு பக்கத்து சீட்டுக்காரி, என்ன, நாள் தள்ளிப் போயிருக்கான்னு கேட்டா.

விஷயம் ரொம்பச் சின்னது மேடம். கெர்னல் கம்பியைப் பாத்து, மேல போயிட்டியான்னு கேக்கும். இன்னும் இல்லைன்னா, சரி, போனதும் எழுப்புன்னு சொல்லிட்டுப் படுத்துடும். கேட்டதுக்கும் படுக்கறதுக்கும் நடுவுல ஒரு கண்ணிமைக்கற நேரம் இருக்கு. அந்த நேரத்துல கம்பி, போயிட்டேன்னு குரல் குடுத்துடுது. இது இன்னும் படுக்கவே இல்ல, அதனால அது எழுப்பற கணக்குல சேராது. அப்புறம் படுத்துடுது. கம்பிக்கு, நான்தான் சொல்லிட்டேனேன்னு நினைப்பு. இதுக்கு, இன்னும் சொல்லலையேன்னு நினைப்பு. ரெண்டும் உயிரோடதான் இருக்கும். காலத்துக்கும் அப்படியே இருக்கும்.

ரெண்டு வரியை மேல கீழ மாத்திப் போட்டா சரியாப் போச்சு.

அந்த ரெண்டு வரியை எழுதினது யாருன்னு கேளுங்க. கேக்க வேணாமா, தெரிஞ்சுடுச்சா? ஆமா. வெளிய உக்காந்திருக்காரே, அவருதான். எனக்கு அது தெரியாம இல்ல மேடம். மீட்டிங்ல, எல்லாரும் உக்காந்திருக்க, பெரிய திரையில அந்த ரெண்டு வரியைக் காட்டி, இதோ இங்கதான்னு சொன்னேன். நல்லாத்தானே-இருக்கு உடனே, இது யாரு கைவரிசைன்னு கேட்டாரு. நான் சொல்லல. சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல, எழுதினவங்க பேரு பக்கத்துலயே நிக்கும்.

இவரு என்ன பண்ணாருங்கறீங்க? எழுந்து நின்னு கை தட்டினாரு! என் பொண்டாட்டின்னு சொல்லிக்க பெருமையா இருக்குன்னாரு. மொத்த ரூமும் தட்டுச்சு. ஒரு அம்மா கண்ணைக்கூட துடைச்சுக்கிட்டாங்க. எவ்வளவு பெரிய மனசு!

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழட்டினதோட பேச்சையும் கழட்டி வச்சுட்டாரு மேடம்.

இல்ல, திட்டறதில்ல. கை நீட்டறதா? சேச்சே, அப்படியெல்லாம் எதுவும் கிடையாது. குடியும் இல்ல. பாத்திரம் கழுவுவாரு. வாடகையை அனுப்பிடுவாரு. நான் தூங்கிட்டா லைட்டை அணைச்சுடுவாரு. பேச மாட்டாரு, அவ்வளவுதான். இந்த மாசத்தோட எட்டு மாசம். சாப்பிட வாங்கன்னா வந்து சாப்பிடுவாரு. உப்பு போதுமான்னா தட்டைப் பாப்பாரு. என்ன கோபம்னு கேட்டிருக்கேன், அழுது பாத்திருக்கேன், ஒருநாள் முன்னாடி போய் நின்னு டான்ஸே ஆடினேன். சுத்திக்கிட்டுப் போயிட்டாரு.

ஆனா காலிங் பெல் அடிக்கட்டும்! யாரு வந்திருக்காங்கன்னு பாரும்மான்னு அப்படி ஒரு குரல் வரும் பாருங்க, வெல்லப்பாகு. பக்கத்து வீட்டம்மா சர்க்கரை கேட்டு வந்தா, இவளுக்கு முட்டிவலிங்க, நான் எடுத்துத் தர்றேன்னு ஓடுவாரு. அந்தம்மா எங்கிட்ட, குடுத்து வச்சவம்மா நீ, என் வீட்டுக்காரர் நான் செத்துக் கிடந்தாலும் காபி எங்கன்னுதான் கேப்பாருங்கறாங்க. எங்க அம்மாகிட்ட சொன்னேன். மாப்பிள்ளை மாதிரி ஒருத்தரைப் போய்க் குறை சொல்றியே, உனக்கு நாக்கு நீளம்டின்னாங்க. எங்க அம்மாவே டிபகரைப் போட்டுத்தான் அவரைப் பாத்திருக்காங்க, அவங்களைச் சொல்லி என்ன.

மன்னிப்பா? நான் கேக்கணுமா? எதுக்கு மேடம்? அந்த ரெண்டு வரி தப்பு. இன்னிக்கும் தப்புதான். வீட்டுக்கு வந்து தனியா சொல்லியிருக்கலாமேங்கறீங்களா? சொல்லியிருக்கலாம். அதையும்தான் கேட்டுப் பாத்தேன், தனியா சொல்லியிருந்தா சந்தோஷமான்னு. தட்டைப் பாத்தாரு.

ஆதாரம் இருக்கு, ஏன் இல்லாம? நாம பண்றதே அந்த வேலைதானே. எட்டிப் பாக்காம ஓட விட்டுட்டு அப்புறமா படிக்கணும்னு சொன்னேன்ல? ஃபோனை ஃப்ரிட்ஜ் மேல வச்சு ரெக்கார்டை ஓட விட்டேன். ஞாயித்துக்கிழமை, பகல் முழுக்க. இந்தாங்க, கேளுங்க. சத்தத்தைக் கூட்டி வைக்கவா? இது ஃப்ரிட்ஜ். இது குழாய். இது கரண்டி, அவரு போட்டுக்கறாரு. இப்போ நான் பேசறேன், மழை வரும் போல இருக்கு, துணியை எடுக்கவான்னு... கேட்டுச்சா? இப்போ அவரு பதில் சொல்ற இடம்.

ஒண்ணும் கேக்கலையா?

அதேதான் மேடம். அதுதான் ஆதாரம். வக்கீல்கிட்ட போட்டுக் காட்டினேன். அடிச்ச சத்தம், திட்டின சத்தம் ஏதாவது இருந்தா கொண்டாங்க, சும்மா ஃப்ரிட்ஜ் ஓடறதை வச்சு நான் என்ன வாதாடறதுன்னு கேட்டாரு. ரொம்ப நியாயமான கேள்வி. ஃபீஸும் வாங்கிக்கிட்டாரு.

என்னது? ஓ... அப்போ புரிஞ்சுடுச்சா உங்களுக்கு? நம்பறீங்களா? எட்டு மாசத்துல நம்பறேன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான். இதைவிடக் கொடுமை எதுவும் இல்லைங்கறீங்க. பிரியறதுதான் நல்லதுன்னே எழுதிடறீங்களா. கையெழுத்து இங்கயா? இந்தக் கட்டத்துக்குள்ளயா?

இல்ல, பேனா எழுதுது. ஒரு நிமிஷம்.

முதல் தடவை இங்க வந்தோமே, ஞாபகம் இருக்கா மேடம்? அன்னிக்கு நான் நிஜமாவே பிரியணும்னுதான் வந்தேன். அவரு உங்களைப் பாத்தே பேசிக்கிட்டு இருந்தாரு. நீங்க, எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க, உங்க மனைவியைப் பாத்துச் சொல்லுங்கன்னு சொன்னீங்க. அவரு நாற்காலியை என் பக்கம் திருப்பினாரு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது, கண்ணு செவந்திருக்கே, மறுபடியும் தலைவலியான்னு கேட்டாரு. ஒரு வாரமா தலைவலிதான். அதை அவரு கவனிச்சிருக்காரு பாருங்க. ஒண்ணும் இல்ல, மாத்திரை போட்டுக்கிட்டேன்னு சொன்னேன். வெறும் வயித்துல போட்டியான்னு கேட்டாரு. அப்படியே ஒரு கால் மணி நேரம் பேசினோம். நீங்ககூட வாட்சைப் பாத்தீங்க. லிஃப்ட்ல இறங்கினதும் வாயை மூடிக்கிட்டாரு, அது வேற விஷயம். அன்னிக்கே முடிச்சிருக்கலாம். இன்னொரு தேதி குடுங்கன்னு கேட்டது நான்தான். அடுத்த தடவையும் நான்தான் கேட்டேன்.

அதனால இது இன்னிக்கு வேணாம் மேடம். எடுத்து உள்ள வச்சுடுங்க. இன்னும் தீர விசாரிக்கணும்னு ஏதாவது எழுதிக்கோங்க, உங்களுக்குத் தெரியாததா.

நேரம் இன்னும் இருக்குல்ல? அடுத்த ஜோடி வரலையே. அவரை உள்ள கூப்பிடுங்களேன். நீங்க எதுவும் கேக்க வேணாம், உங்க வேலையைப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருங்க, போதும். வர்ற வாரம் எங்க மாமனாருக்குக் கண் ஆபரேஷன், கூட யாரு இருக்கறது, யாரு லீவு போடறதுன்னு நாங்க இன்னும் பேசிக்கவே இல்ல.