சர்வரின் புது முகவரி

ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் தேயிலைத் தோட்ட ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் இளைஞரும், அதே தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவும் இருந்தார்கள்.

“பதினாலு கம்ப்யூட்டரும் காலையில சர்வரக் காணோம்னு நின்னுருச்சுக்கா.”

“எங்க போச்சு?”

“நேத்து நாந்தான் டேட்டாபேஸ் சர்வர வேற ரூமுக்கு மாத்துனேன். இனி யாரும் அதோட அட்ரஸ ஞாபகம் வச்சுக்க வேணாம், டிரெக்டரின்னு ஒரு மெஷின் இருக்கு, அதுகிட்ட கேட்டுக்கங்கன்னு பதினாலுலயும் செட் பண்ணிட்டேன்.”

“எங்க லயத்து வரிசை வீடுங்க மாதிரிதான். கடுதாசி எல்லாம் ஆபீசுக்கு வரும். யாரு எந்தக் காம்பரா வீட்டுல இருக்காங்கன்னு கிளாக்கர் ஐயாவுக்குத்தான் தெரியும்.”

“அதேதாங்க்கா.”

“அப்புறம் ஏன் நின்னுச்சு?”

இளைஞர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“புது அட்ரஸ டிரெக்டரிகிட்ட சொல்ல மறந்துட்டேன்.”

அக்கா சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“இப்ப சரியாயிருச்சா?”

“டிரெக்டரில, ஒரே எடத்துலதான் மாத்துனேன். பதினாலும் கண்டுபுடிச்சிருச்சு.”

“அப்படியே எங்களையும் அதுல போட்டு விடுங்க தம்பி. புது லயத்துக்கு வந்து மூணு வருஷமாச்சு, கிளாக்கர் ஐயா இன்னும் பழைய லயத்துக்கே அனுப்புறாரு. மகளோட இன்டர்வியூ கடுதாசிய அங்க கோழி கொத்திக்கிட்டு இருந்துச்சு.”