சாவடியில் இறங்காத வெள்ளைக்காரம்மா

டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும், தாய்மாருங்களே... ஒரு பஸ் கதை, கேக்கறீங்களா?

போன மாசம் என் மருமக வனரோஜா, கைப்புள்ளையோட மரக்காணத்துல பாண்டிச்சேரி பஸ் ஏறுனா. பின்வாசல்ல எள்ளு போட எடமில்ல. நாம என்ன பண்ணுவோம்? உக்காந்திருக்கறவங்க மடியில புள்ளைய வச்சிட்டு நிப்போம். கேட்டுக்கிட்டா வைக்கிறோம்? இவளும் வச்சா... நிமிந்து பாத்தா, அது ஒரு வெள்ளைக்காரம்மா!

அந்தம்மா முழிக்குது. புள்ளயும் முழிக்குது. வனரோஜா சும்மா இருப்பாளா? பத்தாவது பாஸாச்சே! 'லுக்'னா பாக்கறது, 'லுக் ஆஃப்டர்'னா பாத்துக்கறதுன்னு டீச்சர் சொன்னது ஞாபகம் வந்துச்சு.

"மேடம்... பேபி... லுக் ஆஃப்டர்!"

அந்தம்மா புள்ளைய இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. கூட்டம் இவள முன்னால தள்ளிட்டுப் போயிடுச்சு.

முதலியார்சாவடி வந்துச்சு. "ஆரோவில் போறவங்கல்லாம் இறங்கு!" கண்டக்டர் கத்துறாரு. ஜன்னல்ல பாத்தா... வெள்ளைக்காரங்க நாலஞ்சு பேர் இறங்கி நடக்குறாங்க. பஸ் கெளம்பிடுச்சு.

"ஐயோ, எம்புள்ள!" பின்னால போகப் பாக்குறா, ஒருத்தரும் நகரல.

"யக்கா, என் காலு!"

"ஸ்டாண்டு வந்துடும், சித்த இரும்மா!"

பெத்த வயிறு இருக்குமா? நீங்களே சொல்லுங்க... இருக்குமா?

பாண்டி ஸ்டாண்டு. கூட்டம் வடிஞ்சுது. கடைசி சீட்டுல... அந்தம்மா! தோள்ல புள்ள தூங்குது. சட்டையெல்லாம் எச்சி.

கண்டக்டர் கேக்குறாரு: "ஏம்மா, உங்க ஸ்டாப் எப்பவோ போயிடுச்சே! பக்கத்துல குடுத்துட்டு எறங்கியிருக்கலாமில்ல?"

ஆரோவில்லயே இருக்கறதால அந்தம்மாவுக்குக் கொஞ்சம் தமிழ் வரும்போல. புள்ள முழிச்சுக்காம மெதுவா, வனரோஜாவக் கைகாட்டிச்சு. "அவங்க... லுக் ஆஃப்டர்... சொன்னாங்க."

எம் மருமக இங்கிலீஷ் பேசுனத ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், அது வேற விஷயம்! ஆனா அந்த வார்த்தைக்கு அர்த்தம் காட்டுனது அந்தம்மாதான். பாக்கறதுக்குக் கண்ணு போதும். பாத்துக்கறதுக்கு... நம்ம ஸ்டாப்ப விடணும்.

எதுக்குச் சொல்றேன்? நம்ம குழுவுல அஞ்சலாட்சி நாளைக்கு ஆபரேஷனுக்குப் போறா. ரெண்டு புள்ளைங்களையும் "பாத்துக்கங்க"ன்னு நம்மகிட்டதான் சொல்லியிருக்கா. எல்லாருக்கும் வேல இருக்கு, தெரியும். இருந்தாலும் கேக்கறேன்... யார் யார் கைதூக்குறீங்க?

தூக்குனவங்க நடுவுல எறங்கக் கூடாது, ஆமா!